பக்கத்து வீட்டுப் பசி

போன சனிக்கிழமை கண்டியில் ஒரு கருத்தரங்கு. ஏரியைப் பார்த்த ஹோட்டல் மண்டபம், நல்ல ஏ.சி., இடைவேளைக்குப் பெட்டிஸும் தேநீரும் உண்டென்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். தலைப்பு: ‘மனிதன் ஏன் உதவுகிறான்?’

பேச வந்தவர் இளைஞர். கெட்டிக்காரர். திரையில் மனித மூளையின் படத்தைப் போட்டு, அதில் ஓர் இடத்தைச் சிவப்பு வெளிச்சத்தால் சுட்டிக் காட்டினார்.

“நாம் ஒருவருக்கு உதவும்போது இந்த இடம் விழித்துக்கொள்கிறது. சொக்லேட் சாப்பிடும்போது விழித்துக்கொள்வதும் இதே இடம்தான்!”

மண்டபத்தில் சிரிப்பு.

“சொந்தக்காரனுக்கு உதவினால் நம் இரத்தம் தழைக்கும். அயலவனுக்கு உதவினால் நாளைக்கு அவன் திருப்பிச் செய்வான். தெரியாதவனுக்கு உதவினால் ஊர் மெச்சும். யாருமே பார்க்கவில்லையா? அப்போதும் மனதுக்குள் ஓர் இனிப்பு மிச்சம். ஆகவே... சுயநலம் கலக்காத உதவி என்று உலகத்தில் ஒன்று கிடையாது.”

கைதட்டல். நான் கையை உயர்த்தினேன். மைக் என் பக்கம் வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெட்டிஸ் வந்துவிட்டது. மைக் திரும்பிப் போய்விட்டது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கை உயர்த்திய பிள்ளையைப் பேச விடாவிட்டால் அதற்கு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. அங்கே சொல்ல நினைத்ததை இங்கே சொல்லாமல் நான் விடப்போவதில்லை. நீங்கள் பெட்டிஸ் சாப்பிட்டுக்கொண்டே வாசித்தாலும் பரவாயில்லை!

எங்கள் வீடு கம்பளை டவுனிலிருந்து மேலே ஏறும் ஒரு லேனில் இருக்கிறது. எனக்கு ஒரு பக்கத்தில் ரிஸ்வான், ஃபர்ஸானா தம்பதி. டவுனில் சிறிய துணிக்கடை வைத்திருக்கிறார்கள். மறுபக்கத்தில் கவிதா. அவளுடைய கணவன் கொழும்பில் ஹோட்டல் சமையல்காரன். மாதத்துக்கு ஒருமுறை வருவான். மற்ற நாட்களில் கவிதாவும் அவளுடைய மாமியார் ராஜம்மாவும்தான்.

சென்ற வருடக் கடைசியில் இரண்டு வீட்டிலும் கைக்குழந்தை. கவிதாவின் மகள் தியா குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தாள். ஃபர்ஸானாவின் மகன் யூசுபுக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை. நடுவில் நான். ஒரு காதுக்கு ஓர் அழுகை.

அப்போதுதான் அந்த மழை வந்தது. மலைநாட்டில் இருப்பவர்களுக்கு அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆறு கடைத்தெருவுக்குள் வந்தது. மண்மேடுகள் வீதிக்கு வந்தன. மின்சாரம் போனது, போன் சிக்னல் போனது.

அந்த மழையின் நடுவில் ஃபர்ஸானாவுக்குக் காய்ச்சல். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். மறுநாள் காலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பூத்திருந்தது. லேனில் இருந்த இளைஞர்கள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவளை உட்காரவைத்து, சேலையால் கட்டி, தோளில் தூக்கினார்கள். லேனின் வளைவில் ஏற்கெனவே முழங்கால் அளவு சேறு. அதற்குள் இறங்கித்தான் பிரதான வீதிக்குப் போய் ஆஸ்பத்திரியைப் பிடிக்கவேண்டும். பச்சைப் பிள்ளையை அந்தச் சேற்று வழியே கொண்டுபோக யாருக்கும் துணிவு வரவில்லை.

ரிஸ்வான் பிள்ளையை என் கையில் வைத்தார்.

“டீச்சர், பின்னேரத்துக்குள்ள நான் வந்திருவேன். கொஞ்சம் பாத்துக்கங்க.”

அவர் பின்னேரம் வரவில்லை. வரவும் முடியாது. அவர்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் வளைவுக்கு மேலிருந்த மண்மேடு மொத்தமாக இறங்கி, இருந்த வழியையும் மூடிவிட்டது.

யூசுப் விழித்தான். அழத் தொடங்கினான்.

தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளை. அவர்கள் வீட்டில் குழந்தைப் பால்மா டின் இல்லை. லேனில் எவர் வீட்டிலும் இல்லை. கடைகள் தண்ணீருக்குள். கொதித்து ஆறிய தண்ணீரைக் கரண்டியில் கொடுத்துப் பார்த்தேன். புரையேறியது. ராஜம்மா வாசலில் வந்து நின்று, “டீக்குப் போடுற பால்மாவ தண்ணியா கரைச்சுக் குடுங்க டீச்சர்” என்றாள். இத்தனை சின்னப் பிள்ளைக்கு அது ஆகாதென்று கிளினிக்கில் படித்துப் படித்துச் சொல்வார்கள். எனக்குக் கை வரவில்லை.

மதியம் தாண்டியது. பிள்ளையின் அழுகை தேய ஆரம்பித்தது. பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், உரத்த அழுகையைவிட அந்தத் தேய்ந்த அழுகைதான் ஆபத்து.

கவிதா வந்தாள். குடை பிடித்துத்தான் வந்தாள். ஆனாலும் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. மழையால் நனைந்ததல்ல.

“இவன் அழுறது எங்க வீட்டு வரைக்கும் கேக்குது டீச்சர். கேக்கக் கேக்க எனக்குத் தானா வருது.”

பால் கொடுக்கும் தாயின் காதில் ஒரு குழந்தையின் அழுகை விழுந்தால் மூளை ஒரு சுரப்பை அனுப்புகிறது. மார்பில் பால் இறங்குகிறது. எந்தக் குழந்தை, யார் வீட்டுக் குழந்தை, எந்த மதத்துக் குழந்தை என்று அந்தச் சுரப்பு விசாரிப்பதில்லை. கவிதா யோசிப்பதற்கு முன்பே அவள் உடம்பு பதில் சொல்லிவிட்டது.

ஆனால் அவள் யோசித்தாள். வாசற்படியில் நின்று யோசித்தாள்.

“நான் குடுத்தா அவங்க ஏதும் நெனைப்பாங்களா டீச்சர்? அவங்க வழக்கம் என்னன்னு தெரியலையே...”

“கேட்டுப் பார்க்கவும் வழியில்லையே, பிள்ள.”

அவள் யூசுபைப் பார்த்தாள். அவன் தன் கைமுட்டியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

“அவங்க ஏசினா ஏசட்டும். குடுங்க இங்க.”

சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வீடு அமைதியானது. மழைச் சத்தம் எனக்கு அப்போதுதான் கேட்டது.

இந்த முதல் தடவையை நான் பெரிதுபடுத்தப்போவதில்லை. அது உடம்பின் உந்துதல், இரக்கம், பதற்றம் எல்லாம் கலந்த ஒன்று. ஆபத்தில் பாய்ந்து உதவுகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ‘நான் ஒன்றும் யோசிக்கவில்லை’ என்றுதான் சொல்வார்கள். உண்மையாகவே யோசித்திருக்க மாட்டார்கள். நல்லது.

ஆனால் பச்சைப் பிள்ளை ஒரு தடவை குடித்துவிட்டு நிறுத்துமா? சில மணி நேரத்தில் திரும்பவும் பசிக்கும். அதற்குப் பிறகும் பசிக்கும். பதற்றம் தணிந்து, உடம்பு களைத்து, மற்றவர்கள் வாய் திறக்கத் தொடங்கிய பிறகும் பசிக்கும். உதவியின் உண்மையான பரீட்சை இரண்டாவது தடவையில்தான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

அந்த இரண்டாவது தடவைக்கு ராஜம்மா நேரில் வந்தாள்.

“ஒரு தரம் குடுத்த, சரி. புண்ணியம். இப்ப என்ன, தொடர்ந்து குடுக்கப் போறியா?”

“வேற என்ன செய்யிறது அத்தை?”

“நம்ம புள்ளைக்கே பத்துமோ பத்தாதோன்னு இருக்கு. ரெண்டா பங்கு வச்சா என் பேத்தி வத்திப் போயிடுவா. ஒரு தாய்க்கு ஒரு புள்ளைக்குத்தான் பால்.”

ராஜம்மா கொடுமைக்காரி அல்ல. தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில் பிள்ளைகளை வளர்த்தவள். பசித்த பிள்ளை எப்படி இருக்கும் என்று எனக்கும் கவிதாவுக்கும் தெரிந்ததைவிட அவளுக்கு அதிகமாகத் தெரியும். அந்தப் பயம்தான் பேசியது.

“ரெண்டு பேரும் குடிக்கட்டும் அத்தை. பத்தலன்னா அப்ப பாப்போம்.”

“பத்தாமப் போனப்புறம் பாத்து என்ன செய்யிறது?”

கவிதா நிமிர்ந்து பார்த்தாள். மாமியாரை அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

“நீங்க எனக்குச் சோறு போடுங்க. நான் ரெண்டு பேருக்கும் பால் குடுக்கிறேன்.”

ராஜம்மா விறுக்கென்று திரும்பிப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டுதான் போகிறாள் என்று நினைத்தேன். பருப்பையும் பூசணிக்காயையும் வேகவைத்து, ஒரு தட்டில் சோற்றை மலையாகக் குவித்துக்கொண்டு திரும்பி வந்தாள். வீட்டில் அரிசி குறைந்துகொண்டு வந்த நேரம். அந்த மலையில் ராஜம்மாவின் பங்கும் இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. “யார் வீட்டுப் புள்ளைக்கோ...” என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டை நீட்டினாள். நாள்தோறும் முணுமுணுத்தாள். நாள்தோறும் நீட்டினாள்.

முணுமுணுத்துக்கொண்டே செய்யும் நன்மைக்கு அந்த மூளைப் படத்தில் எந்த இடம் விழித்துக்கொள்ளுமோ!

பால் குடிக்கக் குடிக்கத்தான் அதிகம் ஊறும். குழந்தை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவைத் தாயின் உடம்பு தயாரிக்கப் பார்க்கும். இரட்டைப் பிள்ளைகளைத் தாய்மார் வளர்ப்பது இப்படித்தான். பிறகு எங்களுக்கு இதைச் சொன்னவர் எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ். கவிதா அந்த முடிவை எடுத்தபோது இது அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தன் மகளின் பங்கு குறையலாம் என்று நம்பிக்கொண்டுதான் அவள் அந்தப் பிள்ளையை மடியில் வைத்தாள்.

கருத்தரங்கில் பேசியவரிடம் நான் சொல்ல நினைத்தது இதைத்தான். ஐயா, உதவினால் மனதுக்கு இனிக்கிறது. உண்மை. மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அக்கறையே இல்லாத பிள்ளை பசியாறினால் எனக்கு ஏன் இனிக்க வேண்டும்? முதலில் அக்கறை, அதற்குப் பிறகுதானே இனிப்பு? பின்னால் வருவதைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருப்பதே இல்லை என்று சொல்லலாமா?

அதுவும் போக, புண்ணான மார்போடு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கவிதாவின் முகத்தை நான் பார்த்தேன். சொக்லேட் சாப்பிடுகிற முகமாக எனக்குத் தெரியவில்லை.

வெள்ளம் வடியத் தொடங்கியபின் ஒரு காலையில் ரிஸ்வான் வந்து சேர்ந்தார். சரிந்த மண்மேட்டின் மேலே ஏறி வந்திருக்கிறார். இடுப்பு வரை சேறு. பால்மா டின் ஒன்றைப் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். “என்ட மகன் உசிரோட இரிக்கானா டீச்சர்?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கதவருகில் கவிதாவையும் அவள் மடியில் பிள்ளையையும் கண்டதும் சட்டென்று திரும்பி லேனைப் பார்த்து நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. அப்படியே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பேசினார்.

“ஃபர்ஸானாக்கு நியுமோனியாவாம். மெஷின்ல வெச்சிரிக்கி. பேச்சில்ல. புள்ள எப்பிடியிரிக்கிதோ, யாருக்கிட்ட கேக்கிறதோன்னு தெரியாம நான்...”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கவிதா தங்கச்சி, இனி நீங்க இவனுக்குப் பால் குடுத்த உம்மா. எங்கட மார்க்கத்துல அது சும்மா பேச்சில்ல. உங்கட மகளும் இவனும் கூடப்பொறந்தவங்க மாதிரி.”

ராஜம்மா திடுக்கிட்டு என் காதுக்குள் கேட்டாள்: “என்ன டீச்சர் சொல்றாரு? நம்ம புள்ளய மதம் மாத்தப் போறாங்களா?”

“இல்லம்மா. ரெண்டும் அக்கா தம்பி முறையாம். பெருசானா கல்யாணம் கட்டக்கூடாதாம். அவ்வளவுதான்.”

ராஜம்மா சற்று யோசித்தாள். “அப்ப அந்தக் கவலை இப்பவே விட்டுச்சு. நல்லது.”

பால்மா வந்துவிட்டது. பிள்ளையின் வாப்பாவும் வந்துவிட்டார். கவிதாவின் கடமை முடிந்ததா? முடிந்தது என்றுதான் லேனில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தபோது யூசுபுக்கு வயிற்றோட்டம். வெள்ளத்துக்குப் பிறகு எந்தத் தண்ணீரை நம்புவது? மிட்வைஃப் மிஸ் வந்து, கவிதாவின் கர்ப்பகால இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கிளினிக் அட்டையில் பார்த்து, முடியுமானால் கொஞ்ச நாள் தொடரச் சொன்னார். முடியுமானால்!

கவிதா தொடர்ந்தாள். கணவன் கொழும்பிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “ஒடம்பு தாங்குமா?” என்று மட்டும் கேட்டான். “தாங்குற வரைக்கும்” என்றாள். கண்ணைச் சுற்றிக் கறுத்துவிட்டது. தியா வற்றிப் போகவில்லை. ராஜம்மா பேத்தியைத் தூக்கி எடை பார்ப்பதுபோல் தினமும் கையில் குலுக்கிப் பார்த்து, அதிருப்தியோடு திருப்தியடைந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். முடியவில்லை.

லேனை அடைத்திருந்த மண்ணை அள்ளி முடித்த பிறகு ஃபர்ஸானா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். பாதி உடம்பாக வந்தாள். காரிலிருந்து இறங்கியதும் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். மார்போடு அணைத்தாள். யூசுப் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டான். பால் இல்லை, அத்தனை நாள் நோயில் வற்றிப்போயிருந்தது. அவள் வாசனையும் பிள்ளைக்குப் புதிது. கவிதா, பழக்கதோஷத்தில், பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். பிள்ளையின் முகம் அவள் பக்கம் திரும்பியது.

ஃபர்ஸானாவின் முகம் மாறியது.

“நீங்க போங்க கவிதா. என்ட புள்ளய என்னோட விடுங்க. நான் இன்னம் மௌத்தாகல்ல.”

தான் இன்னும் செத்துப்போகவில்லை என்கிறாள். தன் பிள்ளையைக் காப்பாற்றியவளைப் பார்த்து!

கவிதா நீட்டிய கையை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். என் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்து அழுதாள். ராஜம்மா கொதித்தாள். “நான் அப்பவே சொன்னேன்ல... இதான் கைம்மாறு!” எனக்கும் கோபம்தான்.

கோபம் ஆறியபின் யோசித்துப் பார்த்தேன். கொடுக்கிறவரின் மனதைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். வாங்குகிறவரின் மனதைப் பற்றி? தாய் என்ற இடத்துக்கே ஒரு மாற்று ஆள் வந்து, அந்த வேலையைத் தன்னைவிட நன்றாகச் செய்து முடித்திருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? நன்றி சொல்லியே ஆகவேண்டும். நன்றி சொல்லும் ஒவ்வொரு தடவையும் தான் இல்லாமல் போனது நினைவுக்கு வரும். உதவி சில நேரம் இப்படியும் வலிக்கும். அதில் யாருடைய குற்றமும் இல்லை.

கவிதா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“அவங்க சொன்னது சரிதான் டீச்சர். அவங்க புள்ள. பால் திரும்ப வர வைக்க முடியுமான்னு மிஸ்கிட்ட கேளுங்க.”

நான் கேட்டேன். “வரும்” என்றார் மிட்வைஃப் மிஸ். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார் அவர். “பபா உறிஞ்சினா கிரி வரும். ஆனா கிரி இல்லாம பபா உறிஞ்சாது. அதுக்கு ஒரு வழி இருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கணும்.” பபா என்றால் பிள்ளை, கிரி என்றால் பால்.

அந்த வழி இதுதான். பிள்ளையைத் தாயின் மார்பில் வைக்க வேண்டும். மேலேயிருந்து கரண்டியால் சொட்டுச் சொட்டாகப் பால் விடவேண்டும். மார்பின் மேலாக வழிந்து அது பிள்ளையின் வாய்க்குப் போகும். கிடைக்கிறதே என்று பிள்ளை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச, தாயின் உடம்பு விழித்துக்கொண்டு தானாகவே பாலைச் சுரக்கத் தொடங்கும். நாள் பிடிக்கும். பொறுமை வேண்டும்.

கரண்டியில் விடுவதற்குப் பால்? அது கவிதா தன் வீட்டில் பீய்ச்சிக் கொண்டுவர வேண்டியது.

மறுநாள் காலையில் கவிதா மூடிபோட்ட சிறிய கிண்ணத்தோடு ஃபர்ஸானாவின் வாசலில் நின்றாள். நானும் கூடப் போனேன்.

“அக்கா, இனி இவன நான் மடியில வைக்க மாட்டேன். நீங்க வையுங்க. நான் இத ஊத்துறேன்.”

ஃபர்ஸானா ‘வாங்க’ என்று சொல்லவில்லை. கதவையும் மூடவில்லை. கவிதா உள்ளே போனாள்.

அன்றைக்கு அது தோல்வி. பிள்ளை கத்தினான், பால் கழுத்து வழியே வழிந்து படுக்கையெல்லாம் ஈரம். அடுத்த நாளும் தோல்வி; கிண்ணத்தில் மிஞ்சியதை ஃபர்ஸானா கரண்டியால் ஊட்டித்தான் அவனைப் பசியாற்றினாள். அவன் அழும்போது கவிதாவுக்குத் தானாகப் பால் இறங்கும். இரண்டு முன்கைகளாலும் மார்பை இறுக்கி அழுத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். தூக்கினால் ஒரு நொடியில் அழுகை நின்றுவிடும். அது அவளுக்குத் தெரியும். ஃபர்ஸானாவுக்கும் தெரியும். அவள் தூக்கவில்லை.

கொடுத்தபோது அவளுக்கு இருந்த உறுதியை நான் பார்த்திருக்கிறேன். கொடுக்காமல் இருப்பதற்கு அவள் காட்டிய உறுதி அதைவிடப் பெரிது.

ஒருநாள் ஃபர்ஸானா சோர்ந்துபோய், “எனக்கு ஏலாது கவிதா. என்ட ஒடம்பு செத்துப் பெய்த்து. நீங்களே குடுங்க” என்று பிள்ளையை நீட்டினாள்.

கவிதா வாங்கவில்லை.

“ஏலும்க்கா. நீங்க ஆஸ்பத்திரில மெஷினையே தோக்கடிச்சிட்டு வந்தவங்க. இன்னொரு கரண்டி. அவன் வாயைப் பாருங்க... பசிக்குது. வையுங்க.”

ஃபர்ஸானா வைத்தாள். கவிதா ஊற்றினாள். இரண்டு பெண்களும் தலையோடு தலை முட்ட அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யூசுப் பிடித்துக்கொண்டான். உறிஞ்சினான்.

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிலைமை மாறியது. அழுகை குறைந்தது. ஃபர்ஸானா கவிதாவிடம் தியாவைப் பற்றிக் கேட்டாள், தனக்குக் காய்ச்சல் கண்ட நாளைப் பற்றிக் கேட்டாள், தான் இல்லாத நாட்களில் மகன் என்னென்ன செய்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கவிதா சொல்லிக்கொண்டே ஊற்றினாள்.

பிறகு ஒரு பகல். நானும் அங்கே இருந்தேன். கிண்ணத்தில் பால் தீர்ந்துவிட்டது. கரண்டி வெறுமையாக அந்தரத்தில் நின்றது. ஆனால் பிள்ளை விடவில்லை. தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விழுங்குகிறான்! எதை?

“அக்கா...” என்றாள் கவிதா, மெதுவாக. “நான் ஊத்தல. இது உங்களுது.”

ஃபர்ஸானா குனிந்து பார்த்தாள். பிள்ளையின் கடைவாயில் வெள்ளையாக ஒரு கோடு. “யா அல்லாஹ்” என்றாள். விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். 

கவிதா கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“சரிக்கா, இனி இங்க எனக்கு வேலை இல்ல. வாறேன்.”

ஃபர்ஸானா மடியில் பிள்ளையோடு கையை நீட்டி, அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஒக்காருங்க. வேலை இல்லாட்டி போகணுமா? ரிஸ்வானுக்கிட்ட சொல்றேன், தேத்தண்ணி ஊத்தட்டும். குடிச்சிட்டுத்தான் போகணும்.”

கவிதா தயங்கினாள். கொடுத்தே பழகிவிட்ட கை... வாங்கிக்கொள்ள அதற்குக் கொஞ்சம் கூச்சம்.

பிறகு உட்கார்ந்தாள். ரிஸ்வான் கொண்டுவந்த தேத்தண்ணியை ஆறவிட்டு, ஊதி ஊதி, நிதானமாகக் குடித்தாள். குடித்து முடித்துக் கோப்பையை நீட்டினாள்.

“இன்னொரு கப் கெடைக்குமா?”